ஃபாக்டர் எச் எலைசா கிட்: ஆய்வகப் பயன்பாட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

இரத்தப் பிளாஸ்மாவில் உள்ள ஃபாக்டர் எச் என்ற காம்ப்ளிமென்ட் கட்டுப்பாட்டுப் புரதத்தின் அளவைக் கண்டறிவதற்காக விற்கப்படும் எலைசா (எதிர்ப்பான்களைக் கொண்டு புரதத்தை அளக்கும் முறை) கிட் ஒன்றை, அழற்சி நோய்கள் தொடர்பான ஆய்வுக்காக எங்கள் ஆய்வகத்தில் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறோம். இதே வேலையைத் தொடங்கவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும், எந்தக் கிட்டை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஆய்வகங்களுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்துக்கு உரியவை அல்ல, இந்த வகைக் கிட்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபாக்டர் எச் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தக் கிட் நம்பத்தகுந்த விடை தருகிறது. இருக்கும் ஃபாக்டர் எச் தன் வேலையைச் செய்கிறதா என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. அழற்சி நோய்களை ஆராய்பவருக்கோ இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் தேவைப்படுகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது விளங்க, அந்தப் புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காம்ப்ளிமென்ட் எனப்படும், கிருமிகளைத் தாக்கி நம்மைக் காக்கும் நிரப்புப் புரத மண்டலத்தில் 30-க்கும் மேற்பட்ட புரதங்கள் உள்ளன. சில பிளாஸ்மாவில் கரைந்தும், சில செல்களின் மேற்பரப்பில் பதிந்தும் இருக்கின்றன. இதன் மையத்தில் இருக்கும் சி3 புரதம், கிருமி எதுவும் இல்லாத நிலையிலும் நீரோடு வினைபுரிந்து சிறிதளவு தானாகவே செயலூக்கம் பெற்றுக்கொண்டே இருக்கும். அதன் விளைவாகப் பிறக்கும் சி3பி துண்டு, அருகில் இருப்பது பாக்டீரியாவா நம் சொந்தச் செல்லா என்று பாராமல் எந்த மேற்பரப்பிலும் வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஃபாக்டர் பி, ஃபாக்டர் டி ஆகியவற்றின் துணையோடு மேலும் மேலும் சி3பி உருவாகும். இந்தப் பெருக்கத்தையும் காம்ப்ளிமென்ட்டின் மற்ற வினைகளையும் நம் செல்களின் மேல் நடக்கவிடாமல் தடுப்பது கட்டுப்பாட்டுப் புரதங்களின் பொறுப்பு. செல் மேற்பரப்பில் சிடி46, சிடி55, சிடி59, சிஆர்1 ஆகியவையும், பிளாஸ்மாவில் சி1 தடுப்பான், சி4பிபி, ஃபாக்டர் ஐ, ஃபாக்டர் எச் ஆகியவையும் இதைச் செய்கின்றன. இவற்றில் ஃபாக்டர் எச் ஒன்றுதான் பிளாஸ்மாவிலும், தமக்கென்று கட்டுப்பாட்டுப் புரதங்கள் குறைவாக உள்ள அடித்தளச் சவ்வு போன்ற பரப்புகளிலும் மாற்றுப் பாதை எனப்படும் இந்தச் சி3பி பெருக்க வினையை அடக்கிவைக்கும் முதன்மைப் புரதம். அதில் குறை நேர்ந்தால் சிறுநீரகத்தில் அசாதாரண ஹீமோலிட்டிக் யூரிமிக் நோய்க்குறி, சி3 குளோமெருலோபதி ஆகியவையும், விழித்திரையில் முதுமைசார் மாக்குலச் சிதைவும் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே புரதத்தின் வெவ்வேறு குறைகள் வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு நோய்களாக வெளிப்படுவது ஏன் என்பது இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று.

இனி கிட்டுக்கு வருகிறேன். பெட்டிக்குள், புரதத்தைப் பிடிக்கும் பிடிப்பு எதிர்ப்பான் ஏற்கெனவே பூசப்பட்ட 96 குழிகள் கொண்ட தட்டு, அளவு தெரிந்த உறைஉலர்த்திய ஸ்டாண்டர்டு, கண்டறி எதிர்ப்பான், நொதி இணைத்த கரைசல், நொதியோடு வினைபுரிந்து நிறம் தரும் டிஎம்பி கரைசல், நிறுத்து கரைசல், கழுவு பஃபர், தட்டை மூடும் ஒட்டுத்தாள்கள் ஆகியவை உள்ளன. தட்டு 8 குழிகள் கொண்ட பட்டைகளாகப் பிரிவதால், மாதிரிகள் குறைவாக இருக்கும் நாளில் முழுத் தட்டையும் வீணாக்க வேண்டியதில்லை. குப்பிகளில் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் காலாவதி நாளும் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளன. செயல்முறைத் தாள் குழப்பமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. எலைசாவுக்குப் புதியவரும் ஒரு வேலை நாளுக்குள் முடித்துவிடலாம். 450 நானோமீட்டரில் படிக்கும்போது வெற்றுக் குழிகளின் பின்னணி குறைவாகவே இருக்கிறது; ஸ்டாண்டர்டு வளைவு ஒழுங்காக அமைகிறது. ஒரே தட்டில் ஒரே மாதிரியை இரட்டைக் குழிகளில் போட்டால் கிடைக்கும் அளவுகள் நெருக்கமாகவே இருக்கின்றன. ஒரு பொருளாக இதைத் தயாரித்தவர்கள் கவனத்தோடு தயாரித்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஐயமில்லை.

நீர்த்தல் நிலையில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஃபாக்டர் எச் பிளாஸ்மாவில் மிகுதியாக இருக்கும் புரதம். ஒரு மில்லிலிட்டரில் சில நூறு மைக்ரோகிராம் வரை இருக்கும். கிட்டோ நானோகிராம் அளவில் வேலை செய்கிறது. ஆகவே மாதிரியைப் பல ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டியிருக்கிறது. இதை ஒரே படியில் செய்ய முயன்றால், மிகச் சிறிய கனஅளவைப் பிப்பெட்டில் எடுக்கும்போது நேரும் பிழை இறுதி எண்ணில் அப்படியே பெருகும். கையேடு இரண்டு படிகளில் நீர்க்கச் சொல்கிறது. மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் புதிய முனையைப் பயன்படுத்தி, நன்றாகக் கலக்கிய பிறகே அடுத்த படிக்குப் போவது பாதுகாப்பானது. இரண்டு தட்டுகளுக்கு இடையே முடிவுகள் வேறுபடும்போது எதிர்ப்பானைச் சந்தேகிப்பதற்கு முன் நீர்த்தலைச் சரிபார்ப்பது நல்லது.

இதுவரை சொன்னவை கையாளும் முறை சார்ந்தவை. உண்மையான சிக்கல் எதிர்ப்பானின் தனித்தன்மையில் இருக்கிறது. ஃபாக்டர் எச் ஏறத்தாழ 155 கிலோ டால்டன் எடையுள்ள ஒரே சங்கிலிப் புரதம். ஒவ்வொன்றிலும் சுமார் 60 அமினோ அமிலங்கள் கொண்ட 20 பகுதிகள் வரிசையாகத் தொடுக்கப்பட்ட வடிவம் அதற்கு உண்டு. முதல் 4 பகுதிகள் சி3பியைச் செயலிழக்கச் செய்யும் வேலைக்கு உரியவை. கடைசி 2 பகுதிகளான 19, 20 ஆகியவை சியாலிக் அமிலம் போன்ற நம் செல்களின் அடையாளங்களைப் பற்றிக்கொள்ள உதவுபவை. இதே மரபணுத் தொகுதியில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் 5 மரபணுக்கள், எஃப்எச்ஆர் 1 முதல் 5 வரை எனப்படும் உறவுப் புரதங்களை உருவாக்குகின்றன. மரபணுப் பகுதிகள் பிரதியெடுக்கப்பட்டதால் உருவான குடும்பம் இது என்பதால் உறுப்பினர்களுக்கு இடையே ஒற்றுமை மிக அதிகம். எஃப்எச்ஆர் 1 புரதத்தின் இறுதிப் பகுதி, ஃபாக்டர் எச்சின் 20-ஆம் பகுதியிலிருந்து 2 அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. ஆகவே ஃபாக்டர் எச்சின் வால் பகுதியைக் குறிவைக்கும் எதிர்ப்பான் எஃப்எச்ஆர் 1 புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இது ஏட்டளவிலான அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. எஃப்எச்ஆர் புரதங்கள் ஃபாக்டர் எச்சின் வேலைக்குப் போட்டியாக நிற்பவை என்ற கருத்து இன்று வலுவாக உள்ளது. ஃபாக்டர் எச்சைப் போலவே சி3பியையும் செல் மேற்பரப்பையும் அவை பற்றுகின்றன. ஆனால் கட்டுப்படுத்தும் முதல் 4 பகுதிகளுக்கு ஈடானவை அவற்றில் இல்லை. எஃப்எச்ஆர் 1, 2, 5 ஆகியவை இரட்டைகளாக இணைந்திருப்பதால் அவற்றின் பிடிப்பு மேலும் உறுதியாகிறது. சைப்ரஸ் நாட்டு வம்சாவளியினரிடம் எஃப்எச்ஆர் 5 மரபணுவில் ஒரு பகுதி இரட்டித்திருப்பதால் வரும் சிறுநீரக நோய் 2010-இல் விவரிக்கப்பட்டபோது, இந்த உறவுப் புரதங்கள் வெறும் எச்சங்கள் என்ற பழைய பார்வை பெரிதும் மாறியது. எஃப்எச்ஆர் 3, 1 ஆகிய இரண்டு மரபணுக்களும் சேர்ந்து இல்லாமல் போவது மக்களிடையே பரவலாகக் காணப்படும் ஒன்று. இந்த இழப்பு மாக்குலச் சிதைவிலிருந்தும் ஐஜிஏ சிறுநீரக நோயிலிருந்தும் ஓரளவு காப்பு தருகிறது. அதே வேளையில், ஃபாக்டர் எச்சுக்கு எதிராகவே உடல் எதிர்ப்பான்களை உருவாக்கும் ஹீமோலிட்டிக் யூரிமிக் நோய்க்குறியோடும் சேர்ந்து வருகிறது. இப்படிப்பட்ட நிலையில், காக்கும் புரதத்தையும் அதற்குப் போட்டியாக நிற்கும் புரதத்தையும் ஒரே எண்ணாகக் கூட்டித் தரும் கிட் ஆய்வாளரைத் தவறான பாதையில் கொண்டுபோய் விடும். எஃப்எச்ஆர் 4 புரதத்தின் அளவு பற்றிய தொடக்க மதிப்பீடுகள், அதற்கே உரிய எதிர்ப்பான்கள் கிடைத்த பிறகு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்த வரலாறு, இந்தத் துறையில் எதிர்ப்பானின் தரம் எவ்வளவு தீர்மானகரமானது என்பதைக் காட்டுகிறது.

நான் மதிப்பிடும் கிட்டின் கையேட்டில், பிற புரதங்களோடு குறுக்கு வினை இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. எந்தப் புரதங்களோடு, எந்தச் செறிவில், எப்படிச் சோதித்தார்கள் என்ற விவரம் அதில் இல்லை. பிடிப்பு எதிர்ப்பான் 20 பகுதிகளில் எதைக் குறிவைக்கிறது என்றும் சொல்லப்படவில்லை. நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டபோது, அது வணிக இரகசியம் என்ற பதிலே கிடைத்தது. பதில் பணிவாகவும் விரைவாகவும் வந்தது. ஆனால் எங்களுக்குத் தேவையான ஒன்று அதில் இல்லை. எதிர்ப்பானின் அமினோ அமில வரிசையையோ குளோன் விவரத்தையோ நாங்கள் கேட்கவில்லை. எந்தப் பகுதியில் ஒட்டுகிறது என்பதை மட்டுமே கேட்டோம். ஃபாக்டர் எச்சை அளப்பவருக்கு இது அடிப்படைத் தகவல். இதை மறைத்து வைத்துக்கொண்டு ஆய்வுக்கான பொருள் என்று விற்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

நிறுவனம் சொல்லாததை ஓரளவு நாமே கண்டறிய முடியும். எஃப்எச்ஆர் 3, 1 மரபணுக்கள் இரு பிரதிகளிலும் இல்லாதவர்களின் பிளாஸ்மா மாதிரிகள் ஒப்புதலோடு கிடைக்குமானால், அவற்றையும் அந்த மரபணுக்கள் உள்ளவர்களின் மாதிரிகளையும் ஒரே தட்டில் ஓட்டிப் பார்க்கலாம். தூய எஃப்எச்ஆர் 1 புரதத்தைத் தனியாக வாங்கி, உடலில் இருக்கக்கூடிய செறிவில் குழிகளில் இட்டு, சமிக்ஞை வருகிறதா என்று பார்ப்பது அதைவிட எளிது. எங்கள் கையிலிருந்த லாட்டில் எஃப்எச்ஆர் 1 மட்டும் இட்ட குழிகளில் நிறம் பின்னணியோடு ஒட்டியே நின்றது. இந்த ஒரு காரணத்துக்காகவே கிட்டைத் தொடர்ந்து பயன்படுத்த ஒப்புக்கொண்டோம். எதிர்ப்பானின் மூலம் மாறினால் இந்தத் தன்மையும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு புதிய லாட்டிலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஃபாக்டர் எச் மரபணுவிலிருந்தே, அதன் ஆர்என்ஏ வெட்டி இணைக்கப்படும் முறை மாறுவதால், முதல் 7 பகுதிகளோடு 4 அமினோ அமிலங்கள் மட்டும் கூடுதலாகக் கொண்ட எஃப்எச்எல் 1 என்ற குட்டைப் புரதமும் உருவாகிறது. கட்டுப்படுத்தும் தலைப்பகுதி அதில் முழுமையாக இருப்பதால், தலைப்பகுதியைக் குறிவைக்கும் எதிர்ப்பான் இரண்டையும் வேறுபடுத்திக் காணாது. பிளாஸ்மாவில் அதன் அளவு சிறியது. ஆனால் உருவத்தில் சிறிய அந்தப் புரதம் விழித்திரையின் அடியில் உள்ள புரூக் சவ்வை எளிதில் ஊடுருவுவதால், கண் நோய்களை ஆராய்பவர்கள் இதைப் புறக்கணிக்க முடியாது. 2005-இல் மாக்குலச் சிதைவோடு தொடர்புபடுத்தப்பட்ட, 402-ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் வரும் மாற்றம், 7-ஆம் பகுதியில் அமைந்திருப்பதால் இரண்டு புரதங்களையும் பாதிக்கிறது. ஒருவரிடம் இரண்டு வடிவங்களும் இருந்தால் அவற்றின் விகிதம் என்ன என்பதை இந்தக் கிட் காட்டாது. அதற்கு அந்த மாற்றத்தை இனங்காணும் எதிர்ப்பானோ நிறை நிறமாலை முறையோ வேண்டும். இதைக் கிட்டின் குறையாக நான் எண்ணவில்லை. வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டிய எல்லை இது.

எண்ணும் செயலும் வேறு என்பதற்கு இதே கட்டுப்பாட்டுப் புரதக் குடும்பத்திலிருந்து ஒரு தெளிவான சான்று உண்டு. பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்ற வீக்க நோய்க்குச் சி1 தடுப்பானின் குறையே காரணம் என்பது 1963-இல் தெரியவந்தது. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்தப் புரதத்தின் அளவு குறைவாக இருக்கும். ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கோ அளவு இயல்பாகவோ மிகுதியாகவோ கூட இருக்கும்; ஆனால் அந்தப் புரதம் வேலை செய்யாது. அளவை மட்டும் பார்த்திருந்தால் இவர்களின் நோய் தெரியாமலேயே போயிருக்கும். அதனால்தான் அந்த நோய்க்கான பரிசோதனையில் அளவும் செயல்திறனும் சேர்த்தே பார்க்கப்படுகின்றன. ஃபாக்டர் எச் விஷயத்திலும் இதே நிலைதான் இருக்கிறது. அசாதாரண ஹீமோலிட்டிக் யூரிமிக் நோய்க்குறியில் காணப்படும் மரபணு மாற்றங்கள் 19, 20-ஆம் பகுதிகளில் குவிந்திருக்கின்றன. அவற்றைக் கொண்டவர்களில் பலருக்குப் பிளாஸ்மாவில் ஃபாக்டர் எச் அளவு இயல்பாகவே இருக்கும். கரைந்த நிலையில் சி3பியைக் கட்டுப்படுத்தும் திறனும் குலையாமல் இருக்கும். சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு காக்கும் திறன் மட்டுமே இழக்கப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட ஒருவரின் மாதிரியை இந்தக் கிட்டில் ஓட்டினால் முடிவு இயல்பு வரம்புக்குள் வரும். கிட் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது.

இந்த இடைவெளியை நிரப்ப, செம்மறியாட்டு இரத்தச் சிவப்பணுக்களைப் பயன்படுத்தும் ஹீமோலிசிஸ் சோதனை இன்றும் மிகப் பயனுள்ளது. அந்தச் செல்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் நிறைந்திருப்பதால், மனித சீரத்தில் உள்ள ஃபாக்டர் எச் அவற்றைத் தன் செல்கள்போல் காக்கும். 19, 20-ஆம் பகுதிகளில் குறை இருந்தால் செல்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறும். இதே நிறுவனம் இந்தச் சோதனைக்கான ஃபாக்டர் எச் நீக்கிய சீரத்தையும், மனித பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த தூய ஃபாக்டர் எச்சையும் தனித்தனியாக விற்கிறது. தூய புரதம் நன்றாகவே இருக்கிறது. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது ஒரே பட்டை தெரிந்தது, ஃபாக்டர் ஐ உடன் சேர்த்து சி3பியை வெட்டும் துணைக்காரணிச் சோதனையிலும் எதிர்பார்த்த துண்டுகள் கிடைத்தன. நீக்கிய சீரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஃபாக்டர் எச்சை அகற்றியவுடன் மாற்றுப் பாதை கட்டுப்பாடின்றி ஓடி சி3யும் ஃபாக்டர் பியும் தீர்ந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால், அகற்றும் வேலையை, வினைக்குத் தேவையான அயனிகளைப் பிணைத்து வைக்கும் இடிடிஏ கலந்து குளிர்நிலையில் செய்ய வேண்டும். எங்களுக்கு வந்த குப்பிகளில் ஒன்றில், தேவையான அயனிகளையும் தூய ஃபாக்டர் எச்சையும் திருப்பிச் சேர்த்த பிறகும் சீரத்தின் செயல்திறன் முழுமையாகத் திரும்பவில்லை. நிறுவனம் மாற்றுக் குப்பி அனுப்பியது. அது சரியாக வேலை செய்தது. இந்தச் சீரத்தை வாங்குபவர்கள், வந்தவுடனேயே திரும்பச் சேர்ப்புச் சோதனை ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வைக்க வேண்டும்.

மாதிரி சேகரிப்பைப் பற்றிக் கையேடு மூன்றே வரிகளில் முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஃபாக்டர் எச் ஓரளவு உறுதியான புரதம்தான். சீரமானாலும் பிளாஸ்மாவானாலும் அதன் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆனால் யாரும் ஃபாக்டர் எச்சை மட்டும் அளந்து நிறுத்துவதில்லை. அதே குழாயிலிருந்துதான் சி3ஏ, சி5ஏ, கரைநிலை சி5பி-9 ஆகிய செயலூக்கக் குறிகளையும் அளக்கிறோம். இரத்தம் உறையும்போதே காம்ப்ளிமென்ட் தூண்டப்படும் என்பதால், அவற்றுக்குச் சீரம் பயன்படாது. கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிணைத்து வைத்துக்கொள்ளும் இடிடிஏ குழாயில் இரத்தத்தை எடுத்து, உடனே பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றி மையவிலக்கி, மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைக்காமல் பாதுகாக்க வேண்டும். செயல்திறன் சோதனைக்கோ இதற்கு நேர்மாறாக, அயனிகள் உள்ள, முறையாகக் கையாளப்பட்ட சீரம் தேவை. ஆகவே ஆய்வின் தொடக்கத்திலேயே ஒரு நோயாளியிடமிருந்து இரண்டு வகைக் குழாய்களில் மாதிரி எடுக்கத் திட்டமிட வேண்டும். பழைய சேமிப்பிலிருந்து கிடைத்த சீரங்களைக் கொண்டு அழற்சியையும் காம்ப்ளிமென்ட்டையும் இணைத்துப் பேசும் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இதுவே முக்கியமான காரணம் என்று நான் கருதுகிறேன்.

முடக்குவாதம் போன்ற நோய்களின் மாதிரிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ருமட்டாய்டு ஃபாக்டர் என்ற தன்எதிர்ப்பான், எலைசாவின் பிடிப்பு எதிர்ப்பானையும் கண்டறி எதிர்ப்பானையும் தானே பாலம்போல் இணைத்து, அளக்க வேண்டிய புரதம் இல்லாத இடத்திலும் சமிக்ஞையை உண்டாக்கும். ஃபாக்டர் எச் கிட்டில் மாதிரி பல ஆயிரம் மடங்கு நீர்க்கப்படுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. சிறிதளவே நீர்க்கப்படும் சி5பி-9 கிட்டிலும் எஃப்எச்ஆர் கிட்களிலும் அது நிலைத்து நிற்கக்கூடும். அங்கே தடுப்புக் கரைசல் சேர்த்தும் சேர்க்காமலும் சில மாதிரிகளை ஓட்டிப் பார்ப்பது அவசியம். அதேபோல், ஃபாக்டர் எச்சுக்கு எதிரான தன்எதிர்ப்பான் உள்ள நோயாளிகளிடம், அது பிடிப்பு எதிர்ப்பானின் இலக்கை மறைத்து அளவைக் குறைத்துக் காட்டவும் கூடும். பிடிப்பு எதிர்ப்பான் எங்கே ஒட்டுகிறது என்று தெரியாதவரை இந்த ஐயத்தைத் தீர்க்க வழியில்லை.

எண் கிடைத்த பிறகும் அதைப் படிப்பது எளிதல்ல. சி3 அழற்சியின்போது கல்லீரலில் கூடுதலாக உற்பத்தியாகும் புரதம். அதே அழற்சியில் அது செலவழியவும் செய்கிறது. உற்பத்தியும் செலவும் சமமாகும்போது பிளாஸ்மாவில் அதன் அளவு இயல்பாகத் தோன்றும். உள்ளே நடக்கும் வேகமான எரிப்பு எண்ணில் தெரியாது. அதனால், ஃபாக்டர் எச் அளவைத் தனியாக வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராமல், சி3யின் அளவோடும் அதன் சிதைவுத் துண்டுகளோடும் சேர்த்து விகிதமாகப் பார்ப்பதே பொருளுள்ளது. அப்போதும் நாம் காண்பது பிளாஸ்மாவை மட்டுமே. நோய் நடப்பது மூட்டிலும் சிறுநீரக வடிகட்டியிலும் விழித்திரையின் அடியிலும். அங்கே உள்ள செல்கள் தாமே காம்ப்ளிமென்ட் புரதங்களை உருவாக்குகின்றன. அங்குள்ள சமநிலை பிளாஸ்மாவின் சமநிலையோடு ஒத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

தட்டில் புரதத்தைப் பூசிப் பிணைப்பை அளக்கும் முறைக்கே உரிய ஒரு வரம்பையும் இங்கே சொல்ல வேண்டும். அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் சி வினைப் புரதமும் (சிஆர்பி) ஃபாக்டர் எச்சும் பிணைவதைப் பற்றிய விவாதம் இதற்குத் தக்க சான்று. பிளாஸ்டிக்கில் ஒட்டும்போது சி வினைப் புரதம் தன் ஐந்துறுப்பு வடிவத்தை இழந்து குலைந்துவிடக்கூடும்; ஃபாக்டர் எச் அந்தக் குலைந்த வடிவத்தோடு பிணைவதையே இயல்பான பிணைப்பாக எண்ணிவிட வாய்ப்புண்டு. நான் மதிப்பிடும் கிட் அளவை மட்டும் பார்ப்பதால் இதிலிருந்து தப்பிக்கிறது. மீதமான பட்டைகளைப் பிணைப்புச் சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

எலி மாதிரிகளுக்கு இந்தக் கிட் பயன்படாது; கையேடு அதை நேர்மையாகவே சொல்லிவிடுகிறது. எலியில் கட்டுப்பாட்டுப் புரதங்களின் அமைப்பே வேறு. மனிதரில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உள்ள சிடி46 எலியில் பெரும்பாலும் விரைகளில் மட்டுமே காணப்படுகிறது. அதன் வேலையை எலிகளுக்கே உரிய சிஆர்ஆர்ஒய் என்ற புரதம் செய்கிறது. ஃபாக்டர் எச் மரபணு நீக்கிய எலிகளில் சிறுநீரகத்தில் சி3 படிந்து நோய் உண்டாவது 2002-இல் காட்டப்பட்டது. அது இந்தத் துறைக்குப் பெரும் வெளிச்சம் தந்த வேலை. எஃப்எச்ஆர் புரதங்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும், எலியின் எஃப்எச்ஆர் குடும்பம் மனிதருடையதற்கு நேர் இணையாக இல்லாததால், அதே வழியில் விடை தேட முடிவதில்லை.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் சிகிச்சையின் பக்கம் பார்க்க வேண்டும். சி5ஐத் தடுக்கும் எக்குலிசுமாப் 2007-இல், சிடி55, சிடி59 ஆகியவை செல் மேற்பரப்பில் இல்லாமல் போவதால் வரும் இரவுநேர ஹீமோகுளோபினூரியாவுக்கும், 2011-இல் அசாதாரண ஹீமோலிட்டிக் யூரிமிக் நோய்க்குறிக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சி3ஐத் தடுக்கும் பெக்செட்டாகோப்ளானும் ஃபாக்டர் பியைத் தடுக்கும் இப்டகோபானும் பின்னர் வந்தன. இவற்றில் எது யாருக்குப் பொருந்தும், எப்போது நிறுத்தலாம் என்ற முடிவுகள் நோயாளியின் கட்டுப்பாட்டுப் புரதங்கள் எந்த இடத்தில் பழுதாகியிருக்கின்றன என்பதை அறிவதைப் பொறுத்தவை. அதை அறிய உதவும் கருவிகளை விற்பவர்களிடம் கூடுதல் வெளிப்படைத்தன்மையைக் கேட்பது நியாயமானது.

பெரிய எண்ணிக்கையிலான மாதிரிகளில் ஃபாக்டர் எச் அளவை ஒப்பிட விரும்பும் ஆய்வகங்களுக்கும், ஃபாக்டர் எச் அறவே இல்லாத அல்லது பாதியாகக் குறைந்த நோயாளிகளை அடையாளம் காண விரும்புவோருக்கும் இந்தக் கிட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மரபணு மாற்றம் ஒன்றின் விளைவை மதிப்பிடவோ, நோயின் தீவிரத்தைக் கணிக்கவோ இதை மட்டும் நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறுவனத்திடம் என் கோரிக்கைகள் மூன்றுதான்: எதிர்ப்பான்கள் இரண்டும் ஃபாக்டர் எச்சின் எந்தப் பகுதிகளில் ஒட்டுகின்றன என்று தகவல் தாளில் அச்சிடுங்கள், எஃப்எச்ஆர் 1 முதல் 5 வரையிலும் எஃப்எச்எல் 1-உடனும் செய்த குறுக்கு வினைச் சோதனையின் எண்களை வெளியிடுங்கள், எதிர்ப்பானின் மூலத்தை மாற்றும்போது அதை லாட் எண்ணோடு சேர்த்து அறிவியுங்கள். இவை நடக்கும்வரை பயனர்கள் செய்யக்கூடியது, பலரின் பிளாஸ்மாவைக் கலந்து சிறு பங்குகளாக உறையவைத்த சொந்தக் கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பதுதான். புதிய லாட் வந்ததும் அதையும் எஃப்எச்ஆர் 1 இட்ட குழிகளையும் பழைய, புதிய பட்டைகளில் அருகருகே ஓட்டி, எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்த்த பிறகே நோயாளிகளின் மாதிரிகளைத் திறக்க வேண்டும்.